75 வயது வரைக்கும் கணக்குப் போட்டால் போதுமா?

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் நான் விளங்கிக்கொண்ட மாதிரி சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள். உங்களுக்கு 54 வயது, தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் மாதச் சம்பளம். மனைவிக்கு 49, கொழுந்து எடுக்கிறார், 24 வருடச் சேவை. அடுத்த வருடம் உங்களுக்கு 55, அவருக்கு 50 ஆனதும் இரண்டு பேருடைய ஈபிஎஃப்பையும் (ஊழியர் சேமலாப நிதி) எடுத்தால் ஏறத்தாழ 30 இலட்சம் வரும். அதை எஃப்டியில் போட்டு, முதல் தொகையில் கை வைக்காமல் வட்டியை மட்டும் மாதம் 20,000 ரூபா எடுத்துச் சாப்பிடலாம் என்று நினைக்கிறீர்கள். தாத்தா 58இல் போனார், அப்பா 61இல் போனார், இலங்கையின் சராசரி ஆயுள் 77 என்கிறார்கள், ஆகவே 75 வரை கணக்குப் போட்டால் போதாதா என்று கேட்கிறீர்கள். நீங்கள் எத்தனை வயது வரை இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி மாதிரித் தெரிகிறது, ஆனால் உள்ளே இருப்பது வேறு: காசு தீரும் நாளில் உங்கள் வீட்டில் யாராவது உயிரோடு இருப்பார்களா, இருந்தால் யார்?

நான் ஒன்பது வருடம் தோட்ட ஆபீஸில் கிளாக்கராக இருந்தேன், அப்புறம் இருபத்திரண்டு வருடம் ஹட்டனில் ஆயுள் காப்புறுதி வேலை. இப்போது 63 வயது. வைத்தியர் இல்லை, சட்டத்தரணியும் இல்லை. ஆனால் எந்த வயதில் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று காட்டும் அட்டவணைகளோடு பாதி ஆயுளை ஓட்டியவன்.

அந்த 77ஐ முதலில் பிரித்துப் பார்ப்போம். அது இன்றைக்குப் பிறக்கும் குழந்தைக்கான சராசரி. பிறந்த வாரமே இறந்த குழந்தை, இருபது வயதில் மோட்டார் சைக்கிளில் போய் விழுந்த பையன், நாற்பதில் ஈரல் கெட்டுப் போனவர் எல்லோரும் அதற்குள் அடக்கம். நீங்கள் அந்த ஆபத்தையெல்லாம் தாண்டி 54க்கு வந்துவிட்டீர்கள், அதனால் உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்கவேண்டும், பூஜ்யத்திலிருந்து இல்லை. சராசரி எப்படி ஆடும் என்பதற்கு இந்த நாட்டிலேயே பேர்போன உதாரணம் ஒன்று உண்டு. 1946இல் இலங்கையின் சராசரி ஆயுள் 43 வயதுக்குப் பக்கம், அடுத்த வருடமே 52க்குப் பக்கம். கிழவர்களுக்கு ஒரே வருடத்தில் ஒன்பது வயது கூடிவிடவில்லை. டிடிடி பூச்சிமருந்து அடித்து மலேரியாவை அடக்கினார்கள், அந்தக் காலத்தில் பரவிய ஆஸ்பத்திரி வசதிகளும் சேர்ந்துகொண்டன, பிள்ளைகளும் பிள்ளை பெற்ற தாய்மாரும் பிழைத்தார்கள், சராசரி குதித்தது. 1960களின் தொடக்கம் வரை இந்த நாட்டில் ஆண்களைவிடப் பெண்களின் ஆயுள்தான் குறைவாக இருந்தது என்றால் இன்றைக்கு நம்பமாட்டார்கள். பிரசவத்தில் அவ்வளவு பேர் போனார்கள். இப்போது நிலைமை தலைகீழ். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களத்தின் 2011–2013 ஆயுள் அட்டவணையில் ஆணுக்கு 72.0, பெண்ணுக்கு 78.6. அறுபதைத் தொட்ட ஒரு பெண்ணுக்கு அதற்கு மேலும் இருபது வருடத்துக்குக் கூடுதலான ஆயுளை எதிர்பார்க்கலாம். வேறு விதமாகச் சொன்னால், அறுபதைக் கடந்த பெண்களில் பாதிக்கு மேல் எண்பதைப் பார்ப்பார்கள்.

உங்கள் தாத்தா, அப்பா கதைக்கு வருகிறேன், ஏனென்றால் மலையகத்தில் என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேர் இதைத்தான் சொல்வார்கள்: எங்கள் குடும்பத்தில் ஆம்பிளைகள் அறுபதைத் தாண்டுவதில்லை. ஆயுளில் பரம்பரைக்குப் பங்கு இல்லாமல் இல்லை, ஆனால் ஆட்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. உங்கள் தாத்தா எந்தக் காலத்தவர் என்று யோசியுங்கள். 1973–74 பஞ்சத்தில் தோட்டங்களில் பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு நூறுக்கு மேல் ஒரு வயதுக்குள் இறந்தார்கள், பெரியவர்கள் மரவள்ளிக்கிழங்குக்கும் வழியில்லாமல் கிடந்தார்கள். பத்தடிக் காம்பராவுக்குள் அடுப்புப் புகை, கசிப்பு என்ற கள்ளச்சாராயம், வெற்றிலை புகையிலை, நெஞ்சு வலிக்கிறது என்றால் லொறி வரும் வரைக்கும் காத்திருப்பது. அவர்கள் இறந்தது இரத்தத்தால் மட்டும் இல்லை, இருந்த இடத்தாலும்தான். அப்பாவுக்கு நெஞ்சு வருத்தமோ சீனி வருத்தமோ இருந்ததென்றால் அது வேறு, அதை நீங்கள் கிளினிக்கில் சொல்லிப் பிரஷரையும் சீனியையும் பார்த்துக்கொள்ளவேண்டும். அந்த வருத்தம் உங்களுக்கும் வரலாம் என்பது எச்சரிக்கை. 61இல் நீங்களும் போய்விடுவீர்கள் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது, அதை நம்பிக் காசைச் செலவழிக்கவும் முடியாது. தோட்டப்புறத்தில் இருப்பவர்களுக்கு நகரத்தை விட ஆயுள் குறைவாக வரலாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன், சாப்பாடும் குடியும் தூரமும் இன்னும் மாறி முடியவில்லை. ஆனால் அந்தக் குறைவை வைத்து ஒரு தனி ஆளின் முடிவு தேதியை யாரும் சொல்லமுடியாது. நான் பார்த்த அட்டவணைகள் ஆயிரம் பேரைப் பற்றி நன்றாகப் பேசும், ஒருவரைப் பற்றி வாயே திறக்காது.

இனி நீங்கள் எழுதாமல் விட்ட ஆள். உங்கள் கேள்வியில் முதல் இரண்டு வரிக்குப் பிறகு மனைவி வரவே இல்லை. உங்களுக்கு 75 ஆகும்போது அவருக்கு 70தான். ஒரு பேச்சுக்கு, 60 வயது ஆண் 85ஐத் தாண்ட மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு, பெண் தாண்டப் பாதி வாய்ப்பு என்று வைப்போம். இருவருமே 85ஐப் பார்க்காமல் போவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் வரும். மிச்ச மூன்றில் இரண்டு பங்கில் உங்கள் இருவரில் ஒருவராவது 85ஐத் தாண்டி இருப்பார், பெரும்பாலும் அது அவராகத்தான் இருக்கும். என் அப்பா ஓய்வு பெற்ற வருடமே வந்த காசில் பெரும் பகுதியை அக்காவின் கலியாணத்துக்கும் ஊரில் ஒரு துண்டுக் காணிக்கும் போட்டார், மூன்று வருடத்தில் போய்ச் சேர்ந்தார், 64 வயது. அவர் கணக்கில் எல்லாம் சரியாகவே முடிந்தது. அம்மா அதற்குப் பிறகு 24 வருடம் இருந்தார். ஆறு மாதம் என் வீடு, ஆறு மாதம் தம்பி வீடு, கையில் வெற்றிலை வாங்கக் காசு கேட்பதற்குக்கூட மருமகள் முகத்தைப் பார்க்கவேண்டிய நிலை. அதனால்தான் தம்பி, நான் யாருக்குக் கணக்குப் போட்டாலும் பெண்ணின் 90 வயது வரை போடுவேன். கூடுதலாகத் தெரியும், தெரியட்டும். சீக்கிரம் இறந்தால் காசு மிஞ்சும், அது பிள்ளைகளுக்குப் போகும், யாருக்கும் நட்டமில்லை. காசு முடிந்து ஆள் மிஞ்சினால்தான் சிக்கல்.

சரி, உங்கள் 30 இலட்சம். எட்டு வீத வட்டி என்றால் மாதம் 20,000 வரும் என்ற உங்கள் பெருக்கல் சரி. ஆனால் முதல் அப்படியே இருக்கிறது என்பது தாளில் மட்டும்தான். சாமான் விலை வருடம் 6 வீதம் ஏறினால் 12 வருடத்தில் எல்லாம் இரட்டிப்பு. அன்றைக்கும் உங்களுக்கு அதே 20,000தான் வரும், இன்றைய 10,000க்கு வாங்குகிற சாமானைத்தான் அது வாங்கும். அப்போது மனைவிக்கு 62. இன்னும் 12 வருடம் போனால் அது இன்றைய 5,000க்குச் சமம், அவருக்கு 74. நாளாக நாளாக மருந்து கூடும், ஆள் உதவி கூடும், வரவு மட்டும் கரையும். இல்லை, விலைவாசிக்கு ஏற்ப எடுக்கிற தொகையையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் முதல் தொகையில் கை வைக்காமல் முடியாது. அதே 8 வீத வட்டி, 6 வீத விலையேற்றம் என்று வைத்து நான் போட்டுப் பார்த்தது: இன்றைய மதிப்பில் மாதம் 20,000 எடுத்தால் 14 வருடத்தில் பூஜ்யம், அப்போது உங்களுக்கு 69, அவருக்கு 64. மாதம் 15,000 என்றால் 20 வருடம். நீங்கள் சொன்ன 75 வயதுத் திட்டம் இதுதான், அவருக்கு 70 ஆகும்போது கை காலி. மாதம் 12,000 என்றால் 27 வருடம் போல இழுக்கும். அவருடைய 90 வரை போகவேண்டுமென்றால் மாதம் ஏறத்தாழ 9,000தான். வட்டிக்கும் விலையேற்றத்துக்கும் நடுவில் இரண்டு புள்ளி இருக்கும் என்பது என்னுடைய ஊகம், வரும் முப்பது வருடத்துக்கு அதை எவரும் அடித்துச் சொல்லமுடியாது. அது எவ்வளவு ஆடும் என்பதை நாம் கண்ணாலேயே பார்த்தோம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண் முந்திய வருடத்தை விட 70 வீதம் ஏறி நின்றது, அந்த வருடம் ஈபிஎஃப் கொடுத்த வட்டி 9 வீதம். அறுபது தாண்டியவர்களுக்கு 10 இலட்சம் வரை 15 வீதம் தந்த விசேட வைப்பு 2015இல் வந்தது, 2022இல் நின்றது. அந்த வருடக் கடைசியில் வங்கிகள் இருபதுக்கு மேல் வட்டி கொடுத்தபோது இனி இப்படித்தான் என்று நம்பி மாதச் செலவைக் கூட்டிக்கொண்டவர்களில் நானும் ஒருவன். 2024இல் எட்டுக்கு இறங்கியபோது என் மாத வரவு பாதிக்கும் கீழே போனது. காப்புறுதியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவன் புத்தி இவ்வளவுதான்.

ஆகவே என் நேரடியான கருத்து, அடுத்த வருடம் எடுக்காதீர்கள். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 என்பது எடுக்கலாம் என்ற அனுமதி, எடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. விட்டுவைத்தால் வருடா வருடம் வட்டி ஏறும். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி உங்கள் வயதுக்காரரை 60க்கு முன்னால் வயதைக் காட்டி நிறுத்தமுடியாது, 55 ஆனதும் போகவேண்டும் என்று ஆபீஸில் யாராவது சொன்னால் அது பழைய பழக்கம். உங்கள் சம்பளம் 60,000 என்று வைத்தால் நீங்கள் போடும் 8, கம்பனி போடும் 12 என்று மாதம் 12,000 சேரும், ஐந்து வருடத்தில் வட்டியோடு எட்டு ஒன்பது இலட்சம். கம்பனி மட்டும் போடும் 3 வீத ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி) இதில் சேராது. இருக்கிற 30 இலட்சமும் வளர்ந்து, எல்லாம் சேர்த்து இன்றைய மதிப்பில் 39 இலட்சத்துக்குப் பக்கம் வரும், சாப்பிடவேண்டிய வருடங்களும் ஐந்து குறையும். மனைவியின் 90 வரை மாதம் 9,000 என்று சொன்னது அப்போது 13,000க்குப் பக்கம் வந்துவிடும். மலையில் ஐந்து வருடம் கூட உழைப்பது வாயால் சொல்கிற மாதிரி இலேசில்லை, அதுவும் கொழுந்துக் கூடையோடு ஏறி இறங்குகிற முழங்காலுக்கு. அவருக்கு முடியவில்லை என்றால் அவர் நிற்கட்டும், நீங்கள் தொடருங்கள். ஆனால் அவர் நின்றாலும் அவருடைய ஈபிஎஃப் காசு அவர் பெயரிலேயே இருக்கட்டும். இதை ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்வேன்.

பணிக்கொடையை நீங்கள் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடச் சேவை முடித்தவருக்கு, மாதச் சம்பளம் என்றால் கடைசிச் சம்பளத்தில் பாதி, நாட்சம்பளம் என்றால் 14 நாள் சம்பளம், சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் கிடைக்கவேண்டும். 2024 செப்டம்பர் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தையே வைத்தாலும் உங்கள் மனைவியின் 24 வருடத்துக்கு 453,600 ரூபா. உங்களுக்கு 30 வருடம், 60,000 என்றால் 9 இலட்சம். கம்பனி காசில்லை என்று இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். இந்தக் காசைத் தொடாமல் வருத்தம் வாதைக்கென்று தனியாக வையுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கேட்கமாட்டார்கள்தான். ஆனால் தலவாக்கலையிலிருந்து கண்டிக்கு ஆளைக் கொண்டுபோக வேன் கூலி யார் தருவது, கிளினிக்கில் இல்லாத மருந்தை வெளியில் எழுதித் தந்தால் யார் வாங்குவது, லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பாதை வரை தூக்கிவர நாலு பேர் வேண்டும், அவர்களுக்குத் தேத்தண்ணியாவது கொடுக்கவேண்டும்.

வீட்டைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நான் கேட்காமல் விடமுடியாது. இப்போது லயத்தில் இருக்கிறீர்களா, அல்லது ஏழு பேர்ச் காணி வீடு கிடைத்ததா? லயம் என்றால் அது உங்களுடையது இல்லை, வீட்டில் யாராவது தோட்டத்தில் பேர் போட்டு வேலை செய்யும் வரைக்கும்தான் தைரியம். வாடகையில்லாத, யாரும் எழுப்பமுடியாத ஒரு கூரை இருந்தால் நான் மேலே சொன்ன 13,000 ரூபாவுக்கு ஒரு அர்த்தம் இருக்கும், இல்லாவிட்டால் இல்லை. ஆனால் அதற்காக முழு ஈபிஎஃப்பையும் சிமெந்தில் கரைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், ஓட்டு வீடு இரண்டு தட்டாகி மேல் தட்டில் கம்பி நீட்டிக்கொண்டிருக்கும், கீழே கிழவி அரிசிக்குக் கடன் கேட்பார். வீட்டு வேலைக்கு 30 வீதம் வரை மட்டும் முன்கூட்டியே எடுக்க ஒரு வழி இருக்கிறது, பத்து வருடப் பங்களிப்பும் குறைந்தது 3 இலட்ச மீதியும் வேண்டும், உச்சம் 20 இலட்சம். அந்தத் தொகைக்குள் அடங்குகிற வீடாகக் கட்டுங்கள். மகனுக்கு ஆட்டோ எடுத்துக் கொடுப்பது பற்றி நான் ஒன்றும் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைதான்.

காசை விட நம்பக்கூடியது விலைவாசியோடு தானும் ஏறுகிற வரவு. கரட், லீக்ஸ் போட இருபது பேர்ச் நிலம், ஒரு பசு, வாடகைக்கு விட ஒரு அறை, எதுவாக இருந்தாலும் மாதம் ஐயாயிரம் தந்தால் அது எஃப்டியில் பல இலட்சம் போட்டதற்குச் சமம், பாலின் விலை ஏறும்போது அதுவும் ஏறும். மனைவியின் நகையை அடகிலிருந்து மீட்டுவிடுங்கள், 2022இல் ரூபா விழுந்தபோது பவுன் விழவில்லை. சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத்தில் 59 வயது வரை சேரலாம், 60இலிருந்து ஆயுள் முழுவதும் தருவார்கள், உங்கள் மனைவிக்கு நான் அதைச் சொல்வேன், தொகை சின்னது என்றாலும் சாகும் வரை நிற்காது என்பதுதான் அதன் பெறுமதி. தனியார் ஓய்வூதியத் திட்டம் என்று யாராவது வீடு தேடி வந்தால் ஒரே கேள்வி கேளுங்கள்: ஆயுள் முழுக்கவா, அல்லது பத்து இருபது வருடத்துக்கா? நான் விற்றவற்றில் பெரும்பாலானவை இரண்டாவது வகை, வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்.

கடைசியாகக் காகித வேலை, இதை 60 வரைக்கும் தள்ளிப்போடாதீர்கள். உங்கள் காசு மத்திய வங்கி பார்க்கிற ஈபிஎஃப்பிலா அல்லது தோட்டச் சேவையாளர்களுக்கான தனி சேமலாப நிதியிலா என்று ஆபீஸில் கேளுங்கள், மாதச் சம்பளக்காரர்களில் சிலருக்கு அது வேறு இடத்தில் கிடக்கும், படிவமும் வேறு. பின்னுரித்தாளியாக, அதாவது உங்களுக்குப் பிறகு காசைப் பெறுபவராக, யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், கலியாணத்துக்கு முன் போட்ட அம்மா பெயர் இன்னும் இருக்கலாம். அப்புறம் மனைவியின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, ஈபிஎஃப் பி அட்டை மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறப்பைப் பதிந்தவர் ஒரு மாதிரி, தோட்டத்துச் சம்பளப் பதிவான செக்ரோலில் கிளாக்கர் ஒரு மாதிரி எழுதியிருப்பார். நானே அப்படி நூற்றுக்கணக்கில் எழுதியிருப்பேன், கேட்டது காதில் விழுந்த மாதிரி. அதைத் திருத்த கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், தொழில் அலுவலகம் என்று மாதக்கணக்கில் அலையவேண்டி வரும், இரண்டு பேருக்கும் கால் நடக்கும்போதே அலைந்து முடித்துவிடுங்கள். மூன்றிலும் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள், எந்த வரிசையில் போகவேண்டும் என்று சொல்கிறேன்.